தொண்ணூற்றாறு தாள்களின் அந்தாதி

யாங்கூனில் மின்சாரம் போகும் நேரத்தை ஊரார் எல்லோரும் அறிவர். வரும் நேரத்தை அறிந்தவர் ஒருவரும் இலர். மழை சற்றே ஓய்ந்திருந்த ஓர் ஆடி மாதப் புதன்கிழமை நண்பகலில் அது சொல்லாமல் வந்தது. போட்டாதாங்கில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்புறம் உள்ள சிறிய வேதாகமக் கல்லூரியின் நூலகத்தில், அணைக்க மறந்திருந்த ஆறு மின்விசிறிகளும் ஒருசேரச் சுழன்றன. வாசிப்பறையின் குறுக்கே கட்டிய கொடிகளில் உலர்ந்துகொண்டிருந்த தொண்ணூற்றாறு பழந்தாள்கள், புறாக்கூட்டம் கலைந்தாற்போல் எழுந்து பறந்தன. இரு கைகளையும் உயர்த்தி ஓடிய அம்சவேணியின் பிடியில் அகப்பட்டவை மூன்றே மூன்று.

அம்சவேணி அந்நூலகத்தின் உதவியாள். வயது ஐம்பத்து மூன்று. பசுந்தாங்கில் ஒரு நான்காம் மாடி வீட்டில் வாழ்பவர். வெள்ளிதோறும் முருகன் கோயிலில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் அமர்பவர். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த அலமாரிகளைத் துடைத்து, மாணவர் மேசைமேல் விட்டுச் செல்லும் புத்தகங்களை உரிய இடத்தில் சேர்த்து வருகிறார். இதுவரை ஒரு புத்தகமும் அவர் கையால் கெட்டதில்லை.

தாள்கள் கொடிக்கு வந்தது இரண்டு நாள்களுக்கு முன்புதான். திங்கட்கிழமை காலை அவர் கதவைத் திறந்தபோது கூரை ஒழுகி, பூட்டிய இரும்பு அலமாரிக்குள் நீர் இறங்கியிருந்தது. மற்ற நூல்கள் தப்பின. உள்ளங்கையளவே ஆன ஒரு பழம்புத்தகம் மட்டும் ஊறிய அவல்போல் உப்பிக் கிடந்தது. நூலகர் ஒரு துக்க வீட்டிற்காக வெளியூர் போயிருந்தார். ஈரப் புத்தகத்தை மூடி வைத்தால் மறுநாளே பூஞ்சணம் பூக்கும் என்பது யாங்கூன் மழையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். தையல் நூலோ முன்பே இற்றுப்போயிருந்தது. அம்சவேணி எவரையும் கேளாமல் புத்தகத்தைத் தாள்தாளாகப் பிரித்தார். கவ்வி பட்டால் கிழியும் என்று அஞ்சி வெறுமனே கொடியின்மேல் வரிசையாகப் போட்டார். புத்தகத்தின் வரிசையைத் தம் மனத்தில் வைக்காமல் கொடியில் வைத்ததே அவர் செய்த பிழை.

வியாழனன்று நூலகர் திரும்பி வந்தார். கரென் இனத்தவரான அந்த அம்மையாரின் பெயர் நோ எஸ்தர்; கல்லூரியில் எல்லோருக்கும் 'சயாமா', அதாவது ஆசிரியை. அம்சவேணியை அவர் அக்கா என்ற பொருளில் 'மா அம்சா' என்பார். மேசைமேல் குவிந்திருந்த தாள்களிடம் வந்து குனிந்தார்.

"பக்க எண்ணைப் பார்த்து அடுக்கலாமே, மா அம்சா?"

"மேலோரம் முழுவதையும் செல் தின்றிருக்கிறது, சயாமா. நாம் இருவரும் பிறக்கும் முன்பே தின்றிருக்கும். ஓர் எண்ணும் மிஞ்சவில்லை."

"படித்துப் பார்த்து அடுக்கலாம் என்றால், எபிரேயம் படிக்கத் தெரிந்தவர் நம் கல்லூரியில் நான்கு ஆண்டுகளாக இல்லை."

"என்னைத் திட்டிவிடுங்கள், சயாமா."

"திட்டினால் தாள் வரிசையாகுமா?" என்று பெருமூச்சு விட்டவர், ஒரு தாளைக் கையில் எடுத்தார். "இது என்ன புத்தகம் என்றாவது தெரியுமா உங்களுக்கு?"

அம்சவேணிக்கு அலமாரிச் சீட்டில் எழுதியிருந்த அளவே தெரியும். நோ எஸ்தர் சொல்லத் தொடங்கினார். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் கிறித்தவப் புலவர் சிலருக்கு ஓர் ஆசை பிறந்தது. மொழிபெயர்ப்பில் படித்துவந்த பழந்துதிப்பாடல்களை, அவை முதன்முதல் பாடப்பட்ட எபிரேய மொழியிலேயே படித்துவிட வேண்டும் என்ற ஆசை. அம்மொழி யூதரிடம் இருந்தது. யூதரிடம் போய்க் கற்றவனைச் சொந்தச் சபையார் ஐயத்தோடு பார்த்தனர். கற்பிக்க வந்த யூதரையும் அவருடைய இனத்தாருள் சிலர் அவ்வாறே பார்த்தனர். ஆனாலும் கற்றார்கள். யூதர் குடியிருக்க இசைவில்லாத நகரத்திலும் அவர்களுடைய எழுத்து அச்சேறியது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத அச்சுக் கோப்பவர்கள் கூட, வடிவத்தை மட்டும் பார்த்து ஈயத்தைக் கோத்தார்களாம்.

"அப்படிப்பட்ட நகரங்களுள் ஒன்றான பாசலில் அச்சானது இது. யாரோ ஒரு கிறித்தவ மாணவர் இதை வைத்துத்தான் எபிரேயம் பயின்றிருக்கிறார். பாருங்கள், வரிக்கு மேலே பழுப்பு மையில் பொருள் எழுதி வைத்திருக்கிறார்."

அம்சவேணி பார்த்தார். அச்செழுத்தின் தலைமேல் எறும்புச் சாரை போல ஒரு பொடிக் கையெழுத்து ஊர்ந்து சென்றது. அதைக் கண்டதும் அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது. இன்னதென்று அப்போது விளங்கவில்லை.

வெள்ளியன்று விழாக்குழு கூடியது. கல்லூரியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ஒன்பதே நாள்கள் இருந்தன. செயலாளர் சுறுசுறுப்பானவர், துன்பத்திலும் ஒரு திட்டம் காண்பவர். "புத்தகம் போனது போனதுதான். ஒவ்வொரு தாளையும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, வரும் விருந்தினருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்துவிடுவோம். தொண்ணூற்றாறு பேர் மகிழ்வார்கள்" என்றார். குழு தலையசைத்தது. சட்டம் செய்பவர் அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்து தாள்களை எடுத்துச் செல்வார் என்று முடிவாயிற்று.

தேநீர் கொண்டுவந்த அம்சவேணி தட்டை மேசைமேல் வைத்தார். தொண்ணூற்றாறு வீடுகளின் சுவர்களில் தொண்ணூற்றாறு தாள்கள்! பிறகு அதை எந்தப் பிறவியில் ஒன்று சேர்ப்பது? பிரித்தது தம் கை. சேர்க்கும் கையும் தம்முடையதாக இராவிட்டால் முருகன் சந்நிதியில் நின்று வாய் திறந்து பாட முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"சயாமா, வெள்ளிவரை தாள்கள் என்னிடம் இருக்கட்டும்."

செயலாளர் சிரித்தார். "அம்மா, நீங்கள் எபிரேயம் எப்போது படித்தீர்கள்?"

"படிக்கவில்லை, ஐயா."

"பின்னே?"

"பார்க்கப் போகிறேன்" என்றார் அம்சவேணி. நோ எஸ்தர் உடனே, "வெள்ளி பிற்பகல் வரை" என்று கூறிப் பேச்சை முடித்தார். விழாச் சொற்பொழிவுக்கு அழைத்திருந்த எபிரேயப் பேராசிரியையும் அன்றுதான் காலே நகரத்திலிருந்து வந்து சேர்வதாக இருந்தது. அதுவரை அவர் மலைப்பாதையில், தொலைபேசிக்கும் எட்டமாட்டார்.

அன்று மாலையே அம்சவேணியின் கண்ணில் அது பட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரிக்குக் கீழே, ஒரு மூலையில், ஒரே ஒரு சொல் தனித்து நின்றது. வரியோடு சேராத சொல். பந்தியில் இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் விருந்தாளியைப் போல. கொண்டுபோய் அமர்த்த வேண்டிய இலை வேறெங்கோ இருக்க வேண்டும்.

'அந்தாதி!' என்றது அவர் உள்ளம்.

அந்தாதியால்தான் அம்சவேணி தமிழ் கற்றார். தந்தை துறைமுகத்தில் பாரம் தூக்கியவர். மகள் பள்ளிக்குப் போன காலத்தில் தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. எட்டு வகுப்பும் பர்மிய மொழியில் படித்தவருக்குத் தமிழ் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. இருபத்தொன்பதாம் வயதில், பான்சோடான் நடைபாதைக் கடையில், அட்டை போன ஓர் அந்தாதிப் புத்தகத்தை வாங்கினார். கோயிலில் கேட்டுக் கேட்டு நூறு பாட்டும் நெஞ்சில் இருந்தன. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும் என்பது காது அறிந்தது; ஆகவே ஒரு பாட்டின் வாலில் கண்ட வடிவத்தையே அடுத்த பாட்டின் தலையில் தேடினார். தேடிய வடிவம் கிடைத்ததும் அது எழுத்தாயிற்று. எழுத்து சொல்லாயிற்று. புரியாத சொற்களின்மேல் பென்சிலால் பர்மிய எழுத்தில் பொருள் குறித்துக்கொண்டார். கற்பிக்க ஒருவரும் இல்லை, இறைவி இருந்தாள்.

அந்தக் கண்ணோடு இப்போது எபிரேயத் தாள்களின் முன் அமர்ந்தார். அடிச்சொல்லைப் பார்ப்பது, அதே சொல்லில் தொடங்கும் பக்கத்தைத் தேடுவது. கேட்க எளிது. சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் தேடியும் ஒரு தாளோடு ஒரு தாள் சேரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இடப்பக்கத்து மேல்மூலையில் தொடங்கும் சொல்லைத்தான் அவர் பார்த்தார். தமிழும் பர்மியமும் ஆங்கிலமும் அங்கேதானே தொடங்குகின்றன! சயாமாவிடம் கேட்டிருக்கலாம். செயலாளரின் சிரிப்பு நினைவுக்கு வரக் கேட்க நா எழவில்லை.

திங்கள் மாலை ஒரு பக்கத்தை அப்படியே வெள்ளைத் தாளில் பார்த்து வரைந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றார். எதிர்வீட்டு லத்தீபா, லத்தா வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், வழக்கம்போல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"என்னா அம்சா, மூணு நாளா மூஞ்சி தொங்குது? அடுப்பு மேல சோறு கருகுது, நீ கோலம் போட்டுக்கிட்டு இருக்க?"

"கோலமில்ல லத்தீபா, எழுத்து."

லத்தீபா தாளை வாங்கித் தூரமாகப் பிடித்தார். பிறகு கிட்டத்தில் பிடித்தார். "எங்க ஓதுற எழுத்தில்ல இது. ஆனா போற பக்கம் எங்க பக்கம்தான்."

"எப்படிச் சொல்ற?"

"இந்தா, கடைசி வரியைப் பாரு. பாதியில நின்னு போச்சு. வெறும் இடம் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடப்பக்கம்."

"வரி முடிஞ்ச பக்கம்தானே மிச்சம் இருக்கும்? வலது கையில தொடங்கி இடது கையில முடிக்கிறான். மூணு நாளா நீ வாசல்னு நெனச்சுப் பின்கட்டைத் தட்டிக்கிட்டு இருந்திருக்க!"

அம்சவேணி அவரைக் கட்டிக்கொண்டார். "விடு, விடு. சேலையில கரி" என்றார் லத்தீபா. "சோத்தைப் பாரு முதல்ல."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் ஏழு தாள்கள் சேர்ந்தன. முன்பக்கத்தின் அடிச்சொல் பின்பக்கத்தின் தலைச்சொல்லாக வந்ததால், ஒவ்வொரு தாளும் தன் முகம் எது, முதுகு எது என்று தானே சொல்லிற்று. நண்பகலில் இருபது. மாலையில் நாற்பத்து நான்கு. மின்சாரம் போனபோது அவர் சன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது திரும்பி வந்தபோது விசிறிகள் சுழலாதபடி அவற்றின் பொத்தான்கள்மேல் நோ எஸ்தர் முன்பே ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். வாயில் தமிழ் அந்தாதி முணுமுணுப்பாக ஓட, கை எபிரேய அந்தாதியைக் கோத்தது. ஒரு சொல்லின் பொருளும் அவர் அறியார். ஆயினும் துதி என்பது அறிவார். அது போதுமானதாக இருந்தது.

புதனன்று மாலை தொண்ணூற்றாறு தாள்களும் ஐந்து தொடர்களாகிவிட்டன. அங்கே வழி அடைத்தது. நான்கு தொடர்கள் ஒரே சொல்லில் முடிந்தன. நான்கு தொடர்கள் அதே சொல்லில் தொடங்கின. முதல் தொடர் எது என்பதில் ஐயமில்லை; அதன் முதற்சொல் பூவேலைப்பாட்டுக்குள் பெரிதாக இருந்தது. ஒரு தொடரின் இறுதிப் பக்கத்தில் அடிச்சொல்லே இல்லை. ஆகவே அதைக் கடைசியில் வைத்தார். நடுவே மூன்று தொடர்கள், ஒரே முகங்கொண்ட மூன்று உடன்பிறப்புகளைப் போல, எதற்குப் பின் எது என்று சொல்லாமல் நின்றன.

வியாழன் காலைப் பூசையில் வழக்கம்போல் தம் பழைய அந்தாதிப் புத்தகத்தைத் திறந்தார். முதற்பாட்டின் மேல் பென்சில் காடுபோல் மண்டியிருந்தது. முப்பதாம் பாட்டில் காடு தோப்பாகியிருந்தது. எழுபதில் அங்கொரு மரம், இங்கொரு மரம். தொண்ணூறுக்கு மேல் வெட்டவெளி. அன்று நூலகத்தில் நெஞ்சில் அசைந்தது இன்னதென்று இப்போது விளங்கிற்று. பழுப்பு மையால் பொருள் எழுதிய அந்த ஐரோப்பிய மாணவரும் ஒருவரும் உடனில்லாமல் தனியே கற்றவர். கற்கக் கற்க எழுதுவதைக் குறைத்திருப்பார்.

காலை உணவுக்கு நிற்காமல் பேருந்தேறினார். மூன்று தொடர்களையும் விரித்தார். ஒன்றில் வரிக்கு வரி பழுப்பு மை. மற்றொன்றில் பாதி. மூன்றாவதில் பக்கத்துக்கு நான்கைந்து சொற்களே. அந்த முறையில் அடுக்கினார். ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களைப் புரட்டியபோது, நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதர் தம் கண்முன்னே கற்றுத் தேறுவதை அம்சவேணி கண்டார். தடுமாறினார், பழகினார், கடைசியில் தாமாகவே நடந்தார். இறுதித் தாளில் பொருளுக்காக எழுதிய சொல் ஒன்றுமே இல்லை. அடியில் மட்டும் மங்கலாக ஒரு கீறல்.

மகிழ்ச்சி ஒரு நாழிகை நின்றது. பிறகு பேரச்சம் வந்தது. அந்தாதியின் கடைசிச் சொல் முதற்பாட்டின் முதற்சொல்லுக்குத் திரும்ப வேண்டுமே! மாலையின் இரு நுனியும் கூடி வட்டமாக வேண்டுமே! இங்கே இறுதித் தாளில் அடிச்சொல்லே இல்லை. அப்படியானால் முதலுக்குத் திரும்பும் சொல்லைத் தாங்கிய தாள் ஒன்று அதற்குப் பின்னும் இருந்திருக்க வேண்டும். அது அந்தப் புதன்கிழமை சன்னல் வழியே பறந்துவிட்டது. கொடியில் போட்டபோது தாம் எண்ணியதும் தொண்ணூற்றாறுதானா? எண்ணியதில் பிழையோ? கால்வாயோரம், கூரைச் சரிவு, காவலர் குடில் என்று பிற்பகல் முழுதும் தேடினார். கிடைக்கவில்லை.

வெள்ளி வந்தது. பேராசிரியையும் வந்தார்; குட்டையான, சிரித்த முகத்துச் சின் இனப் பெண்மணி. பயணத் தூசியைக் கழுவியதும் நேரே மேசைக்கு வந்தார். செயலாளர் நின்றார். கீழே வாசலில் சட்டம் செய்பவரின் வண்டி நின்றது.

அம்சவேணி கைகூப்பினார். "அடுக்கிவிட்டேன், சயாமா. ஆனால் ஒரு தாளைத் தொலைத்துவிட்டேன். புத்தகம் முழுமையாக இல்லை. குற்றம் என்னுடையது."

பேராசிரியை முதல் தாளிலிருந்து புரட்டினார். முதல் தாள், ஒன்பதாம் தாள், பதினேழாம் தாள் எனச் சிலவற்றில் மட்டும் நின்று அடியோரத்தின் நடுவே விரலை வைத்தார். அம்சவேணி அச்சுக்கறை என்று எண்ணி விட்டுவிட்ட சிறிய ஒற்றை எழுத்துகள் அங்கே இருந்தன.

"தைப்பவருக்காக அச்சகத்தார் இட்ட குறி இது," என்றார் பேராசிரியை. "எட்டுத் தாளுக்கு ஒன்று. எபிரேய நெடுங்கணக்கின் வரிசையில் வரும். ஒன்று, இரண்டு, மூன்று..." அவர் குரல் மெல்ல உயர்ந்தது. "...பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. ஒன்றும் இடம் மாறவில்லை. ஒன்றும் தொலையவும் இல்லை. யார் இதை அடுக்கியது?"

"நான்தான், சயாமா."

"உங்களுக்கு எபிரேயம் தெரியுமா?"

"தெரியாது. எங்கள் பாட்டு இப்படித்தான் நடக்கும். முடிவில் எடுத்து முதலில் வைக்கும். ஆனால் கடைசி முதலுக்குத் திரும்ப வேண்டும், சயாமா. இது திரும்பவில்லையே?"

பேராசிரியை நிமிர்ந்து அவரை உற்றுப் பார்த்தார். "இந்தப் பாடல்கள் திரும்புவதில்லை, அம்மா. துதித்து அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் அச்சிட்டவர் அடியில் ஒன்றும் வைக்கவில்லை." சொல்லிக்கொண்டே இறுதித் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தவர், சட்டென்று நிறுத்தினார். "பொறுங்கள். இந்தக் கீறல்..."

எல்லோரும் குனிந்தனர்.

"இது கீறலில்லை. கையெழுத்து எபிரேயம், அச்செழுத்தைப் போல இராது. அதே பழுப்பு மை. அதே கை." விரலால் வலமிருந்து இடமாகத் தொட்டுப் படித்தார். "பேறு. முதற்பாடலின் முதற்சொல்! படித்து முடித்தவர், மறுபடி தொடக்கத்துக்குப் போவதற்காகத் தாமே அடிச்சொல் எழுதி வைத்திருக்கிறார்."

அம்சவேணிக்கு மெய் சிலிர்த்தது. வட்டம் கூடிவிட்டது. தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஒருவர், எந்நாட்டிலோ, எந்த அறையிலோ தனியே அமர்ந்து, துதியை முடிக்க மனமில்லாமல் அதை அந்தாதியாக்கியிருந்தார்.

செயலாளர் கனைத்தார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "கீழே சட்டக்காரர் நிற்கிறார். அவருக்கு என்ன சொல்வது?"

"மேலே வரச் சொல்லுங்கள்," என்றார் நோ எஸ்தர். "ஒரே ஒரு பெட்டி செய்ய வேண்டும். கண்ணாடி மூடியோடு. அளவை மா அம்சா சொல்வார்."

ஞாயிற்றுக்கிழமை விழா மண்டபத்தின் நடுவே, வெல்வெட்டு விரித்த பெட்டியில், புதிதாய்த் தைத்த அந்தச் சிறுநூல் இருந்தது. விருந்தினர் கூடி நிற்க, திறந்து வைக்குமாறு பேராசிரியை அழைத்தது அம்சவேணியைத்தான். தனாக்கா மரப்பட்டைக் குழம்பு பூசிய முகமும் பட்டுச் சேலையுமாய் அவர் முன்னே வந்தார். நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விரலை நீட்டினார்.

அழைப்பிதழ் இல்லாமலே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த லத்தீபா, மண்டபம் முழுதும் கேட்கத் தமிழில் கூவினார்: "அம்சா! இந்தத் தடவை வாசல் பக்கம்!"

அம்சவேணி வலப்புறத்திலிருந்து திறந்தார்.